எந்தத் தக்காளி ரகத்தை விடலாம், எதை விடக்கூடாது?

கேள்வி இதுதான்: பேர் பெற்ற ரகங்களாகத் தேடிப் போட்டும் பிராண்டிவைனில் நாலைந்து காய்தான் நின்றது, சான் மார்சானோவில் பாதிக் காய் அடி கருத்துப் போனது, யெல்லோ பியர் கூடை கூடையாகக் காய்த்தும் சப்பென்று இருந்தது. அடுத்த பருவத்துக்கு எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, பதிலுக்கு எதைப் போடுவது?

இந்த மூன்றும் ஏமாற்றியதற்குக் காரணங்கள் வேறு வேறு. பிராண்டிவைன் ஏமாற்றியதற்குப் பெரும்பாலும் விதைத்த தேதி காரணம். சான் மார்சானோவுக்குத் தண்ணீர் காரணம். யெல்லோ பியர் மட்டும்தான் ரகத்தின் குறை. அதை எந்த மண்ணில், எப்படி வளர்த்தாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு ரகத்தைத் தள்ளுவதற்கு முன்னால் இந்த மூன்றில் எது நடந்தது என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். அப்படிப் பார்க்காமல் தள்ளினால் நல்ல ரகம் கையை விட்டுப் போகும், மட்டமான ரகம் "காய்ப்பு நல்லா இருக்கே" என்ற பெயரில் தோட்டத்தில் தங்கிவிடும்.

முதலில், தயங்காமல் விட்டுவிடக்கூடியவை. யெல்லோ பியர் பழைய ரகம், பார்க்க அழகு, கொடி காடாக வளரும், காய்ப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் சர்க்கரையும் குறைவு, புளிப்பும் குறைவு, பழுத்ததும் சதை மாவு மாவாக ஆகிவிடும். தக்காளியின் ருசி சர்க்கரை, புளிப்பு, மணம் மூன்றும் சேர்ந்தது. புளிப்பு குறைந்தாலும் சர்க்கரை இருந்தால் சமாளிக்கலாம். இரண்டும் குறைந்துவிட்டால் உரத்தால் ஈடுகட்ட முடியாது. மஞ்சள் நிறத்தில் குட்டிப் பழம்தான் வேண்டும் என்றால் சன்கோல்டு போடுங்கள். வேறு உலகம் அது.

இண்டிகோ ரோஸ் இன்னொன்று. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012-ல் வெளியிட்டது. காட்டுத் தக்காளியிலிருந்து ஆந்தோசயனின் என்ற ஊதா நிறமியைத் தோலில் கொண்டுவருவதுதான் அந்த முயற்சியின் நோக்கம். ருசிக்காக உருவான ரகம் இல்லை. வெயில் படும் பக்கம் மட்டும்தான் கருக்கும். இலை மறைத்த இடம் பச்சையாகவே இருந்து பிறகு சிவக்கும். பலர் கருத்ததும் பறித்துவிட்டு "காயா இருக்கு, ருசியே இல்லை" என்கிறார்கள். காயைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அடி பச்சையிலிருந்து செம்பழுப்புக்கு மாறி, தோலின் மினுமினுப்பு மங்கிய பிறகுதான் அது பழம். சரியாகப் பறித்தாலும் சுமார்தான். அழகுக்கு ஒரு செடி வைக்கலாம்.

மனிமேக்கர் இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடார வளர்ப்பில் பேர் வாங்கிய ரகம். ஒரே அளவில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், ருசி சாதாரணம். மைக்ரோ டாம் 15–20 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும் அலங்காரச் செடி; ஜன்னலோரத்துக்கு ஏற்றது, சாப்பிட வைக்கும் செடி இல்லை. ரோமாவைப் பச்சையாக நறுக்கிச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வது மட்டும் நியாயமில்லை. அது சுண்டவைக்க உருவானது. சாறு குறைவு, சதை அதிகம். அடுப்பில் வைத்தால்தான் அதன் ருசி தெரியும்.

காய்ப்பிலும் கெட்டித்தன்மையிலும் சிறந்த புது ரகங்கள் பல ருசியில் பின்தங்குவதற்கு ஒரு மரபணுக் காரணமும் உண்டு. பழைய ரகக் காய்களின் தோள்பட்டை, அதாவது காம்பைச் சுற்றிய பகுதி, கரும்பச்சையாக இருக்கும். பழம் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாக அந்தக் கரும்பச்சை இல்லாத செடிகளையே தேர்ந்தெடுத்து வந்தார்கள். அந்தக் கரும்பச்சைக்குக் காரணமான மரபணுதான் காய்க்குள்ளேயே கொஞ்சம் ஒளிச்சேர்க்கை நடத்திச் சர்க்கரையைக் கூட்டுகிறது என்று 2012-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதனால் காய் பச்சையாக இருக்கும்போது தோள்பட்டை கரும்பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். அது ருசிக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் நல்ல அறிகுறி.

இனி பிராண்டிவைன். இன்று நல்ல பெயருடன் கிடைக்கும் சடத் வழி விதை, அதாவது சடத் என்ற குடும்பம் காத்துவந்த விதை, பென் குவிசன்பெரி என்ற விதை சேகரிப்பாளர் மூலம் 1982-ல் பழைய ரக விதைகளைக் காக்கும் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற அமெரிக்க அமைப்புக்கு வந்தது. ருசியில் அதோடு போட்டி போடும் தக்காளி குறைவு. ஆனால் நட்டதிலிருந்து முதல் பழத்துக்கு 80 முதல் 100 நாள் எடுக்கும். பழம் அரைக் கிலோ வரை வரும். ஒரு கொத்தில் காய் எண்ணிக்கை இயல்பிலேயே குறைவு. இப்படி மெதுவாக வரும் ரகம் சூட்டில் மாட்டினால் மொத்தமும் போய்விடும். பகல் 32 டிகிரி செல்சியஸையும் இரவு 21-ஐயும் தாண்டும்போதே காய்ப்பிடிப்பு குறையத் தொடங்கும். பகல் 35, இரவு 24 என்று ஆகிவிட்டால் பெரிய பழ ரகங்களில் ஏறக்குறைய நின்றுவிடும். இதில் இரவு வெப்பத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மகரந்தம் உருவாவது பூ விரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே. ஆகவே இன்று பூ உதிர்ந்தால் குற்றவாளி போன வாரத்து வெயிலாகவும் இருக்கலாம்.

பூ நிற்குமா உதிருமா என்பதைக் காம்பில் முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஒவ்வொரு பூக்காம்பின் நடுவிலும் முழங்கால் மாதிரி சின்னக் கணு ஒன்று இருக்கும். அந்தக் கணுவுக்கு மேல் பக்கம், பூவை ஒட்டிய பகுதி, மஞ்சளாகத் தொடங்கினால் இரண்டு நாளில் பூ அந்தக் கணுவிலேயே ஒடிந்து விழும். காம்பு பச்சையாகவே தடித்து, இதழ் காய்ந்து சுருண்டு, உள்ளே குண்டூசித் தலை அளவில் பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. சூடு அளவோடுதான் இருக்கிறது, ஆனாலும் உதிர்கிறது என்றால் காற்றோ வண்டோ இல்லாமல் மகரந்தம் கொட்டவில்லை என்று அர்த்தம். காலையில் பனி காய்ந்த பிறகு, பத்து மணி வாக்கில், பூங்கொத்தின் பின்புறத்தை விரலால் சுண்டிவிட்டால் போதும். ஒரு பூ விரிந்திருக்கும் இரண்டு மூன்று நாளும் செய்யுங்கள்.

பிராண்டிவைனுக்கு வழி, நாளைப் பின்னோக்கி எண்ணுவது. உங்கள் இடத்தில் இரவு 21 டிகிரியைத் தாண்டத் தொடங்கும் வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தது ஐந்தாறு வாரம் முன்பே செடி பூவில் இருக்க வேண்டும். நட்டதிலிருந்து பூவுக்கு ஐந்தாறு வாரம், நாற்று வளர ஐந்து வாரம். கூட்டினால் வெப்பம் ஏறுவதற்கு ஏறத்தாழ நாலு மாதம் முன்பு விதை விழுந்திருக்க வேண்டும். விதைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கு நாற்று நட்டதிலிருந்து தொடங்குவது என்பதை மறந்துவிட வேண்டாம். அந்த ஐந்து வாரத்தை விட்டுவிடுவதால்தான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. இரவும் தொடர்ந்து 13 டிகிரிக்குக் கீழே போனால் காய்ப்பிடிப்பு அதனாலும் கெடும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே நாலு மாத இடைவெளி உங்களுக்கு இல்லை என்றால் பிராண்டிவைன் உங்கள் தோட்டத்துக்கு இல்லை. பதிலுக்கு செரோக்கி பர்ப்பிளைப் பாருங்கள். நிற்கும் காய் அதைவிட அதிகம், ருசியில் பெரிய இறக்கமில்லை.

சூடு மிகுந்த இடத்துக்கு வேறு வழி சிறிய பழ ரகங்கள். ஒரு கொத்தில் பத்து பதினைந்து பூ வருவதால் பாதி உதிர்ந்தாலும் மிச்சம் இருக்கும். பெரிய பழமே வேண்டும் என்றால் சூட்டிலும் காய்பிடிக்கவே உருவாக்கிய ஹீட்மாஸ்டர், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் சோலார் ஃபயர் போன்ற ஹைபிரிட்கள், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த விதைகள், உண்டு. ருசியில் இவற்றிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வெறும் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1-உம் வெப்பம் தாங்கும் வரிசையில் வருவதுதான். காயில் அந்தப் பச்சைத் தோள்பட்டையையும் பார்க்கலாம்.

சான் மார்சானோவின் கதை வேறு. பூ இருந்த முனை முதலில் நீர் கோத்ததுபோல் மங்கும், பிறகு பழுப்பாகி, கருத்து, தோல்போல் தட்டையாக உள்ளே அமுங்கும். இது நோய் இல்லை. மருந்து அடித்துப் பயனில்லை. காய் வேகமாகப் பெருக்கும் நேரத்தில் அந்த முனைக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கால்சியம் தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் நகரும். இலைக்குப் போனது காய்க்குத் திரும்பி வராது. மண்ணில் கால்சியம் இருந்தும் தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் வறட்சி என்று இருந்தால் முனைக்குக் கிடைக்காது. நீளக் காய் ரகங்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். சான் மார்சானோ அதில் முதல் வரிசை. கிரீன் ஜீப்ராவும் அடிக்கடி மாட்டும். செர்ரி ரகங்களுக்குக் கிட்டத்தட்ட வரவே வராது.

முட்டை ஓட்டைப் போடச் சொல்வார்கள். ஓடு மட்கிக் கால்சியம் வெளிவர மாதக்கணக்கு ஆகும்; இந்தப் பருவக் காய்க்கு அது உதவாது. இலையில் கால்சியம் தெளிப்பதாலும் காய் முனைக்குப் போவது சொற்பம். செய்ய வேண்டியது தண்ணீரைச் சீராக்குவது. 20 லிட்டர் தொட்டியில் முழுதாக வளர்ந்த செடி கடும் வெயில் நாளில் 3 முதல் 5 லிட்டர் குடிக்கும். அதைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்து ஊற்றுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டால் ஈரம் எப்போதும் தட்டுப்பட வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது. மேலே 5–7 செ.மீ. கனத்தில் காய்ந்த இலையோ வைக்கோலோ போட்ட மூடாக்கு. காய்க்கும் கட்டத்தில் யூரியாவோ அம்மோனியம் உரமோ வேண்டாம். அம்மோனியம் கால்சியத்தை வேர் எடுப்பதைத் தடுக்கும், இலையும் மிதமிஞ்சி வளர்ந்து இருக்கிற கால்சியத்தையும் இழுத்துக்கொள்ளும். கருத்த காயைக் கிள்ளி எறியுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு கொத்தில்தான் இது மோசமாக இருக்கும். தண்ணீர் சீரானால் பின்னால் வரும் கொத்துகள் தப்பும். ஆகவே முதல் கொத்தைப் பார்த்துவிட்டுச் செடியைப் பிடுங்காதீர்கள்.

விட்டுவிடக் கூடாதவை என்றால் முதலில் சன்கோல்டுதான். ஜப்பானின் டோக்கிடா நிறுவனத்து ஹைபிரிட். நட்ட 55–65 நாளில் பழம், ஆரஞ்சு நிறம், ஒவ்வொன்றும் 15–20 கிராம். சர்க்கரையும் உண்டு, அதைத் தூக்கிக் காட்டப் புளிப்பும் உண்டு, கூடவே பழவாசனை. தோல் மெல்லியது என்பதால் மழை பெய்த மறுநாள் வெடிக்கும். அதற்கு மருந்து இல்லை; மழைக்கு முந்தின நாள் நிறம் வந்ததையெல்லாம் பறித்துவிடுவதுதான் வழி. வெடிப்பைச் சகிக்க முடியாதவர்களுக்கு ஜூலியட். 1999-ல், சிறந்த புது ரகங்களுக்கு அமெரிக்காவில் தரும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்றது. முப்பது கிராம் அளவில் நீள்வட்டப் பழம், எளிதில் வெடிக்காது, கொடியில் பல நாள் தாங்கும், வாட்டினாலும் சுண்டவைத்தாலும் நன்றாக வரும். ருசியில் சன்கோல்டுக்குக் கீழேதான்; நம்பிக்கையில் மேலே.

செரோக்கி பர்ப்பிள், பிளாக் கிரிம், பிளாக் செர்ரி மூன்றும் கறுப்புத் தக்காளி வகை. இவற்றின் கருநிறம் பழுத்த பிறகும் பச்சையம் முழுதாக அழியாமல் சிவப்போடு கலந்து நிற்பதால் வருவது. அதனால்தான் பழுத்தாலும் தோள்பட்டை பச்சையாகவே இருக்கும். அதுவும் சிவக்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்குக் கிடைப்பது கொழகொழத்த பழம். "கறுப்புத் தக்காளி ருசியில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பால் வருவது. அடிப்பகுதி மங்கிய செம்பழுப்பாகி, கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் கொடுத்தால் பறித்துவிடுங்கள், தோள் பச்சையாக இருந்தாலும் சரி. இந்த மூன்றில் இடம் குறைவானவர்கள் பிளாக் செர்ரியை எடுக்கலாம். பெரிய கறுப்புத் தக்காளியின் ருசி சிறு பழத்தில், காய்ப்போ பல மடங்கு.

குளிர் அதிகம், பருவம் குறுகியது என்றால் செக் நாட்டு ஸ்டூபிசே. சின்னப் பழம், சீக்கிரம் வரும், குளிரிலும் காய்பிடிக்கும். நோய் பயம் உள்ள தோட்டத்தில் செலிபிரிட்டி, பிக் பீஃப். இரண்டும் ஹைபிரிட், முறையே 1984, 1994-ல் ஜூலியட் பெற்ற அதே விருதை வாங்கியவை. மலைக்க வைக்கும் ருசி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவை வாடிச் செத்த மண்ணிலும் இவை பழம் தந்து முடிக்கும்.

நோய் என்று வரும்போது, ரகம் எதைத் தாங்கும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் ஆங்கில எழுத்துகளைப் படிக்கத் தெரிய வேண்டும். வி என்றால் வெர்டிசிலியம் வாடல், எஃப் என்றால் ஃபுசேரியம் வாடல் (இரண்டு எஃப் என்றால் இரண்டு வகைக்கு), என் என்றால் வேர்முடிச்சு நூற்புழு, டி என்றால் புகையிலைத் தேமல் வைரஸ். டி.ஒய்.எல்.சி.வி. என்று தனியாகப் போட்டிருந்தால் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் இலைச்சுருட்டு வைரஸ். எந்த எதிர்ப்பும் முழுக் கவசம் இல்லை. குறிப்பாக நூற்புழு எதிர்ப்பு: மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த மரபணு வேலை செய்வதை நிறுத்திவிடும். வெயிலில் கொதிக்கும் கறுப்புத் தொட்டியில் என் எழுத்துள்ள ரகத்திலும் வேர் முடிச்சு முடிச்சாக வருவது இதனால்தான். தொட்டிக்கு வெளிர் நிறச் சாக்கைச் சுற்றினாலே வித்தியாசம் தெரியும். இலைச்சுருட்டும் பாக்டீரிய வாடலும் ஓயாத இடங்களில் அர்கா ரக்ஷக் போடலாம். இவ்விரண்டோடு முன்பருவ இலைக்கருகலையும் தாங்கும்படி பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. பழம் கெட்டி, பச்சையாகச் சாப்பிடுவதைவிடச் சமையலுக்குப் பொருந்தும்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு ஏமாற்றம் பெரும்பாலும் அளவில் இருந்து வருகிறது. கொடி ரகங்களுக்கு 40 லிட்டர் மண் இருந்தால் நிம்மதி, 20 குறைந்தபட்சம். 10 லிட்டர் பையில் பிராண்டிவைனை வைத்துவிட்டு ரகத்தைத் திட்டுவது சரியில்லை. இடம் இல்லை, ஆனாலும் பெரிய ரகத்தின் ருசி வேண்டும் என்றால் கிரெய்க் லெஹூலியரும் பட்ரீனா நஸ்கே ஸ்மாலும் தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டத்து ரகங்களைத் தேடுங்கள். ரோசெல்லா பர்ப்பிள் அதில் ஒன்று. ஒரு மீட்டர் சுற்றில் நிற்கும் தடித்த தண்டு, 20 லிட்டர் தொட்டி போதும், ருசி செரோக்கி பர்ப்பிளுக்கு மிக அருகில். பொதுவாகவே குட்டைச் செடி என்றால் ருசி குறைவு என்ற அனுபவத்தை மாற்றிய ரகங்கள் இவை.

ரகத்தைக் குறை சொல்லும் முன் கையில் உள்ளது அந்த ரகம்தானா என்றும் பாருங்கள். சடத் பிராண்டிவைனுக்கு இலை உருளைக்கிழங்கு இலை மாதிரி, ஓரத்தில் பல் இல்லாமல் அகலமாக இருக்கும். நாற்று மூன்று நாலு இலை விட்டதும் இது தெரிந்துவிடும். ஓரம் வெட்டு வெட்டாக இருந்தால் விதை கலந்துவிட்டது, அல்லது வேறு ரகம். ஸ்டூபிசேயும் அதே வகை இலைதான்.

ஒப்பிட வேண்டும் என்றால் ஒவ்வொரு ரகத்திலும் இரண்டு செடி, ஒரே நாளில், ஒரே மண் கலவையில், ஒரே வெயிலில் வையுங்கள். கூடவே ஏற்கெனவே உங்களுக்குப் பழக்கமான ரகம் ஒன்று. அதுவும் சேர்ந்து சுமாராக வந்தால் பருவத்தின் குறை. அது நன்றாக வந்து மற்றது மட்டும் கெட்டால்தான் ரகத்தின் மேல் சந்தேகப்படலாம். முதல் பழத்தை வைத்து ருசியைத் தீர்மானிக்காதீர்கள், மூன்றாவது கொத்துவரை பொறுங்கள். பறிப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது ருசியைக் கூட்டும். வெள்ளமாக ஊற்றிய மறுநாள் பறித்த பழம் எந்த ரகமானாலும் நீர்த்துத்தான் இருக்கும். நிறம் மாறத் தொடங்கிய காயைப் பறித்து 20–25 டிகிரியில் உள்ளே வைத்தால் ருசி பெரிதாகக் குறையாமல் பழுக்கும்; வெடிப்புக்கும் பறவைக்கும் தப்பும். கொடியிலேயே 30 டிகிரிக்கு மேல் வாட்டினால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாமல் ஆரஞ்சுத் திட்டோடு நின்றுவிடும். பழுத்ததை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்: 5 டிகிரியில் ஒரு வாரம் இருந்த பழத்தில் சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருக்க, மணம் தரும் பொருள்கள் குறைந்துவிட்டதை 2016-ல் வந்த ஆய்வு காட்டியது. வெளியே எடுத்து வைத்தாலும் அது முழுதாகத் திரும்புவதில்லை.

பிடித்துப்போன ரகம் ஹைபிரிட் இல்லை என்றால் விதையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு இலை ரகங்களில் சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கும் நுனி, சில நேரம் பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்துச் செடியோடு கலந்துவிடும். ஆகவே விதைக்கு நினைத்திருக்கும் கொத்தைப் பூ விரிவதற்கு முன்பே மெல்லிய துணிப் பையால் மூடி, தினமும் சுண்டிவிட்டு, காய்பிடித்ததும் பையை எடுத்து அடையாளத்துக்கு நூல் கட்டுங்கள். நன்கு கனிந்த பழத்தின் விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டால் விதையைச் சுற்றிய வழவழப்பு கரையும். மேலே ஏடு படிந்ததும் தண்ணீர் விட்டுக் கலக்கி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைக் கழுவி, காகிதத்தில் இல்லாமல் தட்டில் பரப்பி நிழலில் காயவைத்து, பெயரும் ஆண்டும் எழுதி மூடிவையுங்கள். ஈரம் படாமல் இருந்தால் நாலைந்து ஆண்டு முளைக்கும். சன்கோல்டு, ஜூலியட், செலிபிரிட்டி, பிக் பீஃப் விதைகளை எடுத்து வைத்துப் பலனில்லை. அவற்றின் பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்று வராது. அவற்றுக்கு ஒவ்வொரு முறையும் புது விதைதான்.